விருந்தாளிப் பெட்டி

"உங்கள் நாடு ஒப்புக்கொண்டுவிட்டதே, அம்மையார்" என்றார் ஓரெல், தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தியபடி.

"எந்த நாடு?" என்று கேட்டாள் பெர்பெத்துவா.

"திருக்கைத்தீவுதான். வேறெது?"

"நான் அங்கேருந்துதானே வந்திருக்கேன்? இன்னும் வாயே திறக்கலியே நான்!"

ஓரெல் சங்கடமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க பெர்பெத்துவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மேசைக்கு எதிரே உட்காருவதற்காக அவள் பல நாள் வாசலில் காத்துக் கிடந்திருக்கிறாள். திருக்கைத்தீவுக் குடியரசின் தூதர் என்று சொன்னால், வரவேற்பில் இருந்த பெண் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டாள்.

குடியரசு என்ற பெயர்தான் பெரிது. தீவு என்னவோ கடல் நடுவில் கைநிறைய அள்ளிப் போட்ட மணல். அதற்கு வடக்கே, ஒரு நாள் கப்பல் தூரத்தில் பெரியகரை. அந்த நாட்டுக்கு நீளமான அதிகாரப்பூர்வப் பெயர் ஒன்று உண்டு. தீவில் யாரும் அதைச் சொல்வதில்லை. அரிசி பெரியகரையிலிருந்து வருகிறது, மருந்து அங்கிருந்து வருகிறது, சினிமாவும் பாட்டும் அங்கிருந்துதான். தீவிலிருந்து அங்கே போவது கருவாடும், மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளும். இருதரப்பு நல்லுறவு என்று இதற்குப் பெயர்.

இந்தத் தடவை பெரியகரைக்குத் தீவின் காயல் வேண்டியிருந்தது. அவர்களுடைய கணினிக் கூடங்கள் சூடேறித் தகிக்கின்றனவாம். அவற்றைக் காயல் கரையில் கொண்டுவந்து வைத்து, காயல் தண்ணீரை உறிஞ்சிக் குளிர்வித்து, வெந்நீரைத் திரும்பக் காயலிலேயே விடுவது திட்டம். சோதனைக்கென்று போன வருஷம் ஒரே ஒரு கூடம் போட்டார்கள். அந்த ஒன்றுக்கே இறால் குஞ்செல்லாம் செத்து மிதந்தது. பெர்பெத்துவாவின் அண்ணன் சந்தியாகு அந்தக் காயலில் வலை போட்டுப் பிழைப்பவர். அவர் மட்டுமா, பாரக்கரை என்கிற அவர்கள் ஊரே அதில்தான் பிழைத்தது. முழுத் திட்டமும் வந்தால் ஊரோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதிபரோ, "நீ போய்ப் பக்குவமா முடியாதுன்னு சொல்லிட்டு வாம்மா. நான் சொன்னா நல்லா இருக்காது. அரிசிக் கப்பல் அவங்களோடதுல்ல" என்று அவளைத் தள்ளிவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

ஓரெல் அயலுறவு அலுவலகத்தில் தீவுகள் பிரிவின் தலைவர். தீவுத் தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவர். நல்ல மனிதர் வேறு. அதுதான் பெரிய இடைஞ்சல். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை சூடாகக் கொடுத்துவிட்டு அவள் கப்பலேறியிருப்பாள்.

"எங்கள் நாட்டில் ஒரு சட்டம் உண்டு" என்றார் அவர். "சிறிய நாட்டின் மக்கள் மனமொப்பாமல் எந்த ஒப்பந்தமும் செல்லாது. எங்கள் முன்னோர் செய்த அடாவடிகளுக்கு வெட்கப்பட்டு நாங்களே இயற்றிக்கொண்டது."

"நல்ல சட்டம். அப்போ ஜனங்களைக் கேளுங்க."

"கேட்டுவிட்டோம்."

அவர் சுவரைத் தொட்டார். சுவர் முழுக்கத் திருக்கைத்தீவு விரிந்தது. தெருக்கள், கோயில், சந்தை, காயல். தெருக்களில் புள்ளி புள்ளியாக ஒளிகள் நகர்ந்துகொண்டிருந்தன.

"ஒவ்வொரு புள்ளியும் உங்கள் குடிமகன் ஒருவர். இதை நாங்கள் மாதிரித்தீவு என்கிறோம். தலைவர்களை விலைக்கு வாங்கலாம், வாக்குப்பெட்டியை மாற்றலாம். ஆகவே மக்களின் மனத்தையே கணித்து, அதனிடம் கேட்கிறோம். ஏறத்தாழ எல்லோருக்கும் சம்மதம்."

"எங்க மனசு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நட்புப் பெட்டிகள்தாம். வீட்டுக்கு வீடு இருக்கிறதே."

அவளுக்குத் தெரியாததா? பெரியகரை இலவசமாகக் கொடுத்த பெட்டி. காற்று எப்படி, கடல் எப்படி என்று சொல்லும். காய்ச்சலுக்கு மருந்து சொல்லும், கேட்ட பாட்டைப் பாடும், வெளியூரில் படிக்கும் பிள்ளையோடு பேச வைக்கும். பெட்டி கேட்பதையெல்லாம் மாதிரிக்கு அனுப்பும் என்பதும் ஒளிவுமறைவு இல்லாத விஷயம்தான். கையெழுத்துப் போட்டே வாங்கினார்கள்.

"இத்தனை ஆண்டுகளில் அந்தப் பெட்டிகளின் முன்னால் உங்கள் மக்களில் ஒருவர்கூட எங்களைக் குறைசொன்னதில்லை" என்றார் ஓரெல். "சோதனைக் கூடம் வந்த பிறகும் இல்லை. நாங்களே வியந்துபோனோம்."

பெர்பெத்துவாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

திருக்கைத்தீவில் விருந்தாளி முன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மரியாதைக்காக மட்டும் வந்த பழக்கமில்லை அது. கப்பல் உடைந்து கரையேறியவர்களை வைத்துக் காப்பாற்றிய தீவு. காற்று திரும்பும் வரை அவர்கள் எங்கும் போக முடியாது. அப்படிப்பட்டவனிடம் போய் வீட்டில் அரிசி இல்லை என்று சொன்னால் அவன் தொண்டையில் சோறு எப்படி இறங்கும்? அதனால் சொல்ல மாட்டார்கள். பசித்துக் கிடந்தாலும் "ஒரு குறையும் இல்ல" என்பார்கள்.

அந்தப் பெட்டியைத் தீவு ஜனங்கள் விருந்தாளி ஆக்கிவிட்டார்கள். அவளுடைய மதினி விசேந்தி வீட்டில் மாதா படத்துக்குக் கீழே, நல்ல மேசையில், பின்னல் துணி விரித்து அதை வைத்திருக்கிறாள். பெருநாளைக்கு மல்லிகைப் பூவும் உண்டு. புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் பெட்டி வந்த நாளிலிருந்து கிணற்றடிக்குப் போய்விட்டது. பிள்ளைகள் கத்தினால், "ஏலே, பெட்டி இருக்குல்லா? என்ன நெனைக்கும்?" என்று மதினி அதட்டுவாள்.

இதை ஓரெலிடம் அவள் மூச்சுவிடாமல் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். 

"ஆண்டுக்கணக்கில் ஒரு நாடே நடிக்க முடியுமா, அம்மையார்?"

"நடிப்பு இல்ல சார், பழக்கம். உங்க மாதிரியில இருக்கிறது எங்க ஜனங்க இல்ல. விருந்தாளி வந்தப்போ எங்க ஜனங்க எப்படி இருப்பாங்களோ அது."

"மாதிரியில் நீங்களும் இருக்கிறீர்கள்" என்று ஒரு புள்ளியைக் காட்டினார். "நீங்கள் இப்படி வந்து எதிர்ப்பீர்கள் என்று அது முன்பே சொன்னது. முடிவில் உங்களுக்கும் குறையில்லை என்பீர்கள் என்றும் சொல்கிறது."

பெர்பெத்துவா எழுந்துவிட்டாள். அடுத்த நாட்டில் அவள் வாய் நன்றாகவே வேலை செய்யும். "என்னை எனக்கே சொல்லித் தர்றீங்களா? நேர்ல வாங்க. எங்க மண்ணுல வந்து, ஜனங்க முகத்தைப் பாத்துக் கேளுங்க. அப்புறம் பேசுங்க!"

ஓரெல் கோபப்படவில்லை. சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. நேர்விசாரணை என்று பெயர். ஓர் அதிகாரி போவார், ஊரைக் கேட்பார். கிளம்பும்போது கடைசியாக நாட்டின் பிரதிநிதியிடம், மக்கள் முன்னால் ஒரு கேள்வி கேட்பார். குறை உண்டு என்று பிரதிநிதி ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், ஒப்பந்தம் நின்றுபோகும்.

"இங்கே நீங்கள் சொல்வது அரசின் குரல். அங்கே உங்கள் மக்கள் நடுவில் நின்று சொன்னால்தான் அது மக்களின் குரல். படகு கரையை விட்டபின் அதை மாற்ற இயலாது. ஆனால் நான் இந்த மேசைக்குத் திரும்பி அறிக்கையை முடிக்கும் வரை, பெட்டிகளின் முன்னால் மக்கள் பேசுவதும் கணக்கில் சேரும்."

"அதுதான் கூடவே கூடாது" என்றாள் பெர்பெத்துவா. "பெட்டி இருந்தா ஜனங்க பேச மாட்டாங்க. நீங்க எங்க கரையில கால் வச்சதுலேருந்து திரும்பி வந்து இந்த நாற்காலியில உக்கார்ற வரைக்கும் ஒரு பெட்டியும் கேக்கக் கூடாது. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். படியிறங்கி வரும்போது அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. பெரியகரையிடம் தீவுக்காரர் ஒருவர் நிபந்தனை போட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

பாரக்கரைக்கு வந்ததும் வராததுமாகக் கோயில் மைதானத்தில் ஊரைக் கூட்டினாள். "நாளைக்கு வர்றவர் கேப்பார். மறைக்காம சொல்லுங்க. பெட்டி எல்லாம் அணைஞ்சு கிடக்கும். பயப்பட வேண்டாம்."

"எவன் பயந்தான்?" என்றார் அண்ணன் சந்தியாகு. "வரட்டும் அந்த மனுசன். கையப் புடிச்சிக் காயலுக்கு இழுத்துட்டுப் போயி, செத்த குஞ்ச அள்ளிக் காட்டுதேன். இதத்தான் திங்கியளான்னு கேக்கேன்."

"கிணத்துத் தண்ணிய ஒரு மடக்கு குடிக்கச் சொல்லுதேன்" என்றாள் மீன் சந்தை மிக்கேலம்மாள். காயல் ஓரத்துக் கிணறெல்லாம் கரித்துப்போயிருந்தது. ஊரிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான். விலை பேசி அவளிடம் ஜெயித்தவர்கள் கிடையாது.

பெர்பெத்துவாவுக்கு நம்பிக்கை வந்தது. வந்திருக்கக் கூடாது.

மறுநாள் கடல் மோசமாக இருந்தது. படகிலிருந்து ஓரெலைக் கைத்தாங்கலாகத்தான் இறக்கினார்கள். வழியெல்லாம் வாந்தி எடுத்து முகம் வெளுத்து, கண் உள்ளே போய், சட்டை உப்பில் விறைத்துப்போய் நின்றார். துறையில் கூடியிருந்த ஊர் மொத்தமும் "அடடா" என்றது. அந்தச் சத்தம் பெர்பெத்துவாவுக்குப் பிடிக்கவில்லை. கரையேறியவனைப் பார்த்து அவர்கள் பாட்டன்மார் போட்ட சத்தம் அதேதான்.

சந்தைக்கு அழைத்துப்போனாள். மிக்கேலம்மாளின் கூடையில் மீன் என்று சொல்லிக்கொள்ள நாலு பொடி கிடந்தது.

"காயலில் மீன் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா அம்மா?" என்று கேட்டார் ஓரெல்.

மிக்கேலம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா. எல்லாம் வித்துப்போச்சு. நீங்க மொதல்ல இந்த இளநியக் குடிங்க. மூஞ்சி செத்துப்போயிருக்கே."

"மிக்கேலம்மா, கிணத்துத் தண்ணி..." என்று எடுத்துக்கொடுத்தாள் பெர்பெத்துவா.

"தண்ணிக்கென்ன? அருமையான தண்ணி. ஆனா இவியளுக்கு இப்பம் இளநிதான் நல்லது."

ஓரெல் குடித்தார். பெர்பெத்துவாவைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

பள்ளிக்கூடத்தில் அதே கதை. பங்குச் சாமியார் வீட்டில் அதே கதை. காயலில் குளித்த பிள்ளைகளுக்கெல்லாம் உடம்பில் தடிப்பு. அன்றைக்கென்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுக்கைச் சட்டை மாட்டியிருந்தார்கள். தடிப்பைப் பார்த்தால் வந்தவர் மனசு கஷ்டப்படுமாம்.

மிச்சமிருந்தது அண்ணன் வீடு. சந்தியாகு கோபக்காரர். போன வாரம்தான் சோதனைக் கூடத்துக் காவலாளியோடு கைகலப்பு. அவர் ஒருத்தர் பேசிவிட்டால் போதும்.

வாசலில் கோலம். உள்ளே தலைவாழை இலை. நடுவில், நெய் மினுக்க, இறால் தொக்கு.

பெர்பெத்துவா இலையையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். காயலில் இறாலைக் கண்டு மாசக்கணக்காயிற்று. அடுப்படியில் எட்டிப் பார்த்தாள். பெரியகரை அரிசிக் கப்பலில் வரும் பனிக்கட்டி இறால் பொட்டலத்தின் உறை, விறகுக்குப் பின்னால் ஒளித்துக் கிடந்தது.

"காயல் இறால்!" என்றார் ஓரெல், கண்ணை மூடி ரசித்து. "இப்படியொரு சுவையை நான் கண்டதேயில்லை."

பெர்பெத்துவா மேசைக்கு அடியில் அண்ணன் காலை மிதித்தாள்.

சந்தியாகு நெளிந்தார். வாயைத் திறந்தார். "ஏட்டி விசேந்தி, அவியளுக்கு இன்னும் ரெண்டு வையி" என்றார்.

கை கழுவுகிற சாக்கில் அண்ணனைக் கிணற்றடிக்கு இழுத்துப்போனாள். 

"ஏண்ணேன் இப்படிச் செஞ்ச? அவங்க நாட்டு இறாலையே அவருக்கு ஆக்கிப் போட்டு, காயல் இறால்னு..."

"நான் சொல்லலியே. அவராத்தானே சொன்னாரு."

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"எப்படிட்டி சொல்ல? வாந்தி எடுத்துட்டு வந்து, மொத வாய் வைக்காரு. அப்பம் போயி, எய்யா, நீ தின்னுறது எங்க வயித்துல அடிச்சதுன்னா சொல்ல முடியும்?"

"சாப்பிட்ட பெறவு சொல்லு."

"சாப்பிட்ட பெறவு வெத்தில குடுக்கணும்லா. வெத்தில குடுத்த கையால..." கிணற்றுக் கல்லைக் குத்தினார். "நீதான தூதரு? நீ படிச்சவ. நீ சொல்லேன். கடைசியா ஒன்னயத்தானே கேப்பாரு?"

அதுதான் சரி என்று அவளுக்கும் பட்டது. இவர்களை நம்பிப் பிரயோசனமில்லை. ஒரே ஒரு வார்த்தை. துறைக்குப் போகும் வழியெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குறை உண்டு. குறை உண்டு. குறை உண்டு.

துறையில் ஊர் திரண்டு நின்றது. சந்தியாகு கருவாட்டுப் பொட்டலம் கொண்டுவந்தார். விசேந்தி ஓலைப்பெட்டி நிறையத் தேங்காய் மிட்டாய் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். படகில் வாந்தி வராமல் இருக்க மிக்கேலம்மாள் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தாள். ஓரெலுக்குக் கண் கலங்கிவிட்டது. 

"என் வாழ்நாளில் யாரும் என்னை இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை" என்றார். பிறகு தொண்டையைச் செருமி நிமிர்ந்து நின்றார். "திருக்கைத்தீவின் பிரதிநிதியாகிய உங்களைச் சட்டப்படி கேட்கிறேன். உங்கள் மக்களுக்கு எங்களால் ஏதேனும் குறை உண்டா?"

ஊர் அவளைப் பார்த்தது. 

அவள் அவரைப் பார்த்தாள். கண்ணில் நீர். கையில் எலுமிச்சம்பழம். பின்னால் கடல் இன்னும் அடங்கவில்லை. அந்த மனுஷன் மறுபடியும் அதில்தான் போக வேண்டும், வயிற்றில் அண்ணன் வீட்டுச் சோற்றோடு.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிரித்தெடுத்தாள்.

"ஒரு குறையும் இல்ல" என்றது அவள் வாய். "பாத்துப் போயிட்டு வாங்க."

ஓரெல் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பிடியில் வெற்றி இல்லை, நிம்மதிதான் இருந்தது. மாதிரித்தீவில் இருக்கிற அவளும் இதே நேரம் இதையே சொல்லியிருப்பாள் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

படகு போயிற்று. கை ஆட்டினார்கள். சின்னதாகி, புள்ளியாகி, மறைகிற வரைக்கும் ஆட்டினார்கள்.

மறைந்ததும் சந்தியாகு துண்டை உதறித் தரையில் அடித்தார். "இறால் செத்துப்போச்சுன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரலியேலே! எங்கப்பன் போட்ட வலை, என் புள்ள எங்க போயி வலை போடுவான்?"

அவ்வளவுதான். அணை உடைந்தது. "என் கிணறு நாசமாப் போச்சு!" என்று மிக்கேலம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டாள். "இவனுவ அரிசியக் குடுத்துட்டுத் தண்ணியப் புடுங்குறானுவ. யாருக்கு வேணும் இவனுவ கூடம்?" விசேந்தி பிள்ளையின் சட்டைக் கையைச் சுருட்டித் தடிப்பைக் கடலுக்குக் காட்டினாள். பங்குச் சாமியார்கூடச் சாமியார் பேசக் கூடாத ஒரு வார்த்தையைப் பேசினார். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். இத்தனை வருஷமாகக் கிணற்றடிகளில் முடங்கிக் கிடந்ததெல்லாம் அந்தத் துறையில் கொட்டியது. வேண்டாம், வேண்டாம் என்று ஒரு நாடே அலறியது.

பெர்பெத்துவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். படகுச் சீட்டுக் கொடுக்கும் கூண்டில் ஒரு நட்புப் பெட்டி உண்டு. இதைக் கேட்டால் போதும். ஓரெல் மேசைக்குப் போவதற்குள் இந்தச் சத்தம் கணக்கில் சேர்ந்துவிடும்.

பெட்டி இருந்தது. பின்னல் துணிமேல், மல்லிகைச் சரத்தோடு இருந்தது. அதன் விளக்கு அணைந்திருந்தது.

அவள் எழுதி வாங்கியது. அவர் திரும்பிப் போய் நாற்காலியில் உட்காரும் வரைக்கும் ஒரு பெட்டியும் கேட்கக் கூடாது. பெரியகரைக்காரர்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார்கள்.

"கேளேன்!" என்று அவள் அதை அறைந்தாள். "இப்பக் கேளு சனியனே! குறை இருக்கு! எங்களுக்குக் குறை இருக்கு!"

யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். மிக்கேலம்மாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கண்ணெல்லாம் சிவந்து நின்றாள். விலகிப்போன பின்னல் துணியை இழுத்து நேராக்கினாள், உதிர்ந்த பூவைப் பொறுக்கித் திரும்பப் பெட்டிமேல் வைத்தாள்.

"மெல்லப் பேசுங்கக்கா" என்றாள், குரலைத் தாழ்த்தி. "முழிச்சிருந்தாலும் முழிச்சிருக்கும்."